மூன்று கோட்டு ஈ

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் ஈக்குக்கூட ஒரு விலை இருந்தது. தீப்பெட்டி நிறைய வீட்டு ஈ பிடித்துக் கொடுத்தால்தான் அந்த வார அரிசி. மனிதனுக்கு அந்த விலையும் கிடையாது. கெமாஸில் தண்டவாளம் பிடுங்கப் போன புருஷன் வீரமுத்துவைக் கால் நசுங்கிக் கொண்டுவந்து போட்ட அன்றே நீலாவதி அதைத் தெரிந்துகொண்டாள்.

அதிலிருந்து அவன் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பின்கொட்டகையில் கிடக்கிறான். புண்ணுக்கு மருந்து கட்டவேண்டிய டிரஸர் சிவசிதம்பரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார். கட்டை அவிழ்த்துப் பார்க்காமலே, புண் ஆறிவிட்டது, ஆள் வேலைக்கு ஆவான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். நாளைக்கு சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிக்கொண்டு லாரி போகிறது. அதில் போனவன் எவனும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. டிரஸரின் காலில் விழுந்தும் பார்த்தாள். சொன்னது சொன்னதுதான் என்றுவிட்டார்.

அன்று காலை டிரஸர் ஈ வாங்கும் மேசையருகே ஜப்பான் அதிகாரி நின்றிருந்தான். அதனால் டிரஸருக்கு வழக்கமில்லாத சுறுசுறுப்பு. நீலாவதியின் தீப்பெட்டியைக் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இது வீட்டு ஈ இல்லை. அதுக்கு முதுகிலே நாலு கோடு. இதுக்கு மூண்டுதான். உடம்பும் பெரிசு, வயித்திலே சதுரம் சதுரமாக் கட்டம்."

அதோடு விட்டாரா? தன் படிப்பை அதிகாரிக்கும் காட்ட வேண்டுமே. இந்த ஈ அழுகின மாமிசத்தைத் தேடி வந்து அதிலேயே புழு வைக்கும் என்று மலாயில் விளக்கினார். அதிகாரி தலையாட்டினான். அரிசி கிடையாது என்று பெட்டியைத் தள்ளிவிட்டார் டிரஸர்.

நீலாவதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவருக்குத் தெரிந்த மலாய் அவளுக்கும் தெரியும். அத்தனை ஈயையும் தன் புருஷனின் கால்மேல் பிடித்ததாகவும், நாளைக்கு லாரியில் ஏறப்போவது அந்தக் கால்தான் என்றும் அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னாள். பிறகு டிரஸரிடம் திரும்பினாள்.

"புண்ணு ஆறிப்போச்சுன்னு சொன்னீங்களே ஐயா. அப்ப இந்த ஈ எதைத் திங்க வந்துச்சு?"

டிரஸர் அவசரமாக மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார். சரியாகப் பார்க்கவில்லை, இது வீட்டு ஈயாகவும் இருக்கலாம் என்று மலாயில் இழுத்தார். வெட்கம் கெட்ட மனிதர். அதிகாரி பூதக்கண்ணாடியைப் பிடுங்கி, குனிந்து தானே கோட்டை எண்ணினான். நிமிர்ந்து டிரஸரின் கன்னத்தில் ஓர் அறை விட்டு, கொட்டகைக்கு நடக்கச் சொன்னான்.

டிரஸர் கால்கட்டை அவிழ்த்ததும் மேலே மொய்த்திருந்த ஈக்கள் குபீரென்று கிளம்பின; உள்ளே புழு நெளிந்தது. அதிகாரி பின்வாங்கி, இவன் லாரிக்கு வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டான். இரக்கமெல்லாம் இல்லை, நாற்றம் தாங்கவில்லை. டிரஸரும் நைசாக நழுவப் பார்த்தார். அதிகாரி போட்டுவிட்டுப் போன பூதக்கண்ணாடியை நீலாவதி அவர் கையில் திணித்தாள்.

"கோட்டை எண்ணினீங்கல்ல? இப்ப புழுவை எண்ணுங்க. ஒண்ணு விடாம எடுங்க."

அவர் எடுத்து முடிக்கும்வரை அவள் வாசலை மறித்து நின்றாள்.