பத்தின் மேல் நான்கு

…இதுவும் கோணல்தான், ‘நான்கு’க்குக் கீழே ‘பத்து’ எட்டிப் பார்க்கிறது, பிய்த்தால் தாள் கிழியும், கிழிந்தால் ஃபோர்மேன் கத்துவார், இருக்கட்டும்… ‘அபாயச் சங்கு ஒலித்தபின் உங்களுக்கு நான்கு நிமிடம் உண்டு.’ போன மாதம் இதே அச்சகத்தில் இதே துண்டறிக்கையைப் பத்து நிமிடம் என்றுதான் மடித்து அடுக்கினேன். ஏவுகணைகளைத் தள்ளியே வைப்பதாக நம் நாடும் பக்கத்து நாடும் போட்டிருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், அணு ஏவுகணைகளை எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களாம், புதிதாக அச்சடிக்க நேரமில்லை, மிச்சமிருக்கும் கட்டுகளில் பத்தின் மேல் நான்கை ஒட்டு. பசை விரல்நுனியில் காய்ந்து தோலாகிவிட்டது, தொட்டால் ஒன்றும் தெரியவில்லை, விரலில் மட்டும்தானா?

“ஆறு நிமிஷத்தை எவன்டி முழுங்கினான்?” எதிர் மேசையில் பிழை திருத்தும் அக்கா. “நமக்கு நாலுன்னா, பதிலுக்கு ஏவுகணை விடுற பொத்தான் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் நாலுதான். சங்கு தப்பா அடிச்சிருந்தா? ஒரு பக்கம் திருத்த எனக்கே பத்து நிமிஷம் வேணும். வாயைத் திறயேன், முத்தா உதிர்ந்துடும்?” சிரித்தேனா, தெரியவில்லை.

ஒன்பது நிமிடம். இங்கிருந்து தங்கையின் பள்ளிக்கு ஓடினால் ஒன்பது, மூன்று தடவை ஓடிப் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் எட்டரை. போய் என்ன செய்வேன்… மேசைக்கு அடியில் அவளோடு குனிந்திருப்பேன், மேசை எதைத் தடுக்கும், ஆனாலும் அவள் தனியாக இருக்கமாட்டாள். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு மாதம் தூங்கினேன். நான்கு நிமிடத்தில் மருந்துக்கடை முக்குவரை போகலாம். அங்கே நின்று?

ஒப்பந்தம் முடிவதற்கு முன் அக்கா ஒரு மனுவை நீட்டினாள். ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள், குண்டுகளைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒன்றுகூட இல்லாமல் ஆக்குங்கள் என்று. “ஒரு கையெழுத்துதான்டி, கிட்னியா கேட்டேன்?” “என் எழுத்து நல்லா இருக்காதுக்கா” என்று நழுவினேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் பெயர் அங்கே எதற்கு என்ற கூச்சம், இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருந்தேன்… அடுத்த தாள், பசை, துண்டு, அழுத்து… கூச்சம்தானா? என் ஒன்பது நிமிடம் அந்தப் பத்துக்குள் அடங்கிவிட்டது, அதனால் போகட்டும் என்று இருந்துவிட்டேனோ? பிள்ளையிடம் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் ஓட வேண்டியவர்கள் அப்போதும் இந்த ஊரில் இருந்திருப்பார்களே…