கப்பலுக்குப் போகிறவர்களுக்கு

சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீனிவாசராகவன் எழுந்து சாத்தவில்லை. மனைவி வத்சலா இறந்த பிறகு அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. இருவருக்குமாகப் பதிந்திருந்த சிங்கப்பூர் உல்லாசக் கப்பலில், மகள் பிடிவாதம் பிடித்து அவரைத் தனியாக அனுப்பியிருந்தாள். போன வாரம்தான் திரும்பியிருந்தார்.

“அந்தக் கப்பல்ல நாங்களும் போறோம் சார். எதெல்லாம் பார்த்துக்கணும்?” என்றாள் பக்கத்து வீட்டு ரோகிணி.

அவர் ஒப்பித்தார். “கப்பலுக்கு நடுவுல ரூம் கேளுங்கோ, ஆட்டம் கம்மி. பெரிய பெட்டி ரூமுக்கு வர நேரமாகும், மாத்துத்துணியும் மாத்திரையும் கைப்பையில இருக்கட்டும். ரைஸ் குக்கர் வேண்டாம், ஏறறச்சயே வாங்கி வெச்சுடுவா.”

“குக்கரா கொண்டு போனீங்க?”

“தயிர்சாதம் கிடைக்காதுன்னு வத்சலா டிக்கெட் போட்டப்பவே பெட்டியில வெச்சிருக்கா. நான் பார்க்கலை.”

ரோகிணி பேச்சை மாற்றினாள். “கடல் எப்படி இருந்தது சார்?”

“இங்க இருக்கிற மாதிரிதான். இன்னொண்ணு, ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டிருப்பா. சொன்னா பிரிச்சுக் குடுப்பா.”

“நீங்க சொன்னீங்களா?”

“இல்லை. சுவரோரம் அவ இடம். நான் இந்தப் பக்கமாவே படுத்துண்டேன்.”