நடையில் குடியேறியவர்கள்

கல்யாணமாகிப் பதினோராவது வருஷத்தில், பேக்கரிக்காரியின் வீட்டுச் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த பத்தடி நடை அரை மைல் ஆகியிருந்தது. வெளியே வீடு பழைய அளவில்தான் இருந்தது. நகராட்சி ஆள் வந்து வெளிச்சுவரை அளந்து, வரியில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆற அமர ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. வாசற்கதவு நடையின் மத்தியில் இருந்தது. விடியுமுன் போய் மாவு பிசைந்துவிட்டு வருபவள் இடப்பக்கம் திரும்பி அடுப்படிக்குப் போவாள். அச்சகத்தில் ராத்திரி வேலை பார்க்கும் புருஷன் காலையில் வந்து வலப்பக்கம் திரும்பிக் கட்டிலுக்குப் போவான். அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அது ஆறிவிடும், அவனும் தூங்கியிருப்பான். நாளாக ஆக அவள் அடுப்படியிலேயே முடங்கிக்கொண்டாள். ஒரே வீட்டுக்குள் போனில் பேசிக்கொண்டார்கள்.

“நீங்கதான் தள்ளிப் போயிட்டே இருக்கீங்க.”

“நான் கட்டிலை விட்டு எறங்கவே இல்ல. நீதான் அடுப்போட போற.”

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். வெளிச்சம்கூட அந்த நடையில் களைத்துப்போய், சிவந்து, தாமதமாகத்தான் வந்தது. முந்தின வாரம் உடுத்திய சேலையில் அவள் வெங்காயம் உரிப்பதை அவன் இன்றைக்குப் பார்ப்பான். பின்னால் அது முந்தின வருஷத்துச் சேலையானது.

தொலைநோக்கி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாடிவீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “சுவரு நகரலம்மா. நடுவுல புதுசா எடம் முளைக்குது. வானத்துல எப்பவும் நடக்கறதுதான், உங்க வீட்ல கொஞ்சம் அவசரப்பட்டிருச்சு. ஒட்டி இருக்கறத இது பிரிக்காது. பாருங்க, பாத்திரமும் மூடியும் அப்படியேதான இருக்கு? ஆனா தூரம் ஏற ஏற வேகமும் ஏறும். ஒருநாள், எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர முடியாது.”

“அதுக்கு எத்தனை நாள் இருக்கு?”

“அதிகம் இல்ல,” என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது. பேக்கரி விடுமுறை அன்று மத்தியானம் தலையணையை இடுக்கிக்கொண்டு கட்டிலை நோக்கிக் கிளம்பினாள். பொழுது சாயும் நேரத்தில் வாசற்கதவை நெருங்கியபோது, செருப்புகளுக்குப் பக்கத்தில் அவன் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான்.

“உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இதுக்கு மேல கால் வரல,” என்றான். பிறகு அவள் தலையையே பார்த்தான். “எப்ப நரைச்சுது?”

“ரொம்ப நாளாச்சு. உங்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரல.”

அங்கேயே பாயை விரித்தார்கள். வருஷங்கள் போயின. ஒரு பக்கம் அடுப்படி, மறுபக்கம் கட்டில், இரண்டும் சிவப்புப் புள்ளிகளாகிப் பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயின. ஒரு சின்ன ஸ்டவ் வாங்கிக்கொண்டார்கள். வேலைக்குப் போக வாசல் பக்கத்தில் இருந்தது சௌகரியமாகவே இருந்தது. விடுமுறை நாட்களில் இருவரும் பகலிலேயே அசந்து படுப்பார்கள். தூக்கக் கலக்கத்தில், பழைய பழக்கத்தில், “கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்,” என்பாள். அவன் தள்ளிப் போக மாட்டான்.