இசக்கியம்மாளின் மூச்சு

கருவேலன்குளம் பெண்கள் கபடி அணி பட்டணத்துப் பெரிய கிளப்போடு இணைந்தது. ஜெர்சியும் பயிற்சியாளரும் அங்கிருந்து வரும். பதிலுக்கு, அங்கே ஆடுகிறவர்களுக்கு எது குறைந்தாலும் இங்கிருந்து கழற்றி அனுப்ப வேண்டும். முதல் வருஷம் செண்பகவல்லியின் இடது முழங்கால் போனது. அடுத்த வருஷம் கோமுவின் கோபம் போனது. பாவம், அவளுக்கு இப்போது நடுவரைத் திட்டக்கூட வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட இறுதி ஆட்டம். பதினோரு வருஷம் தவம் கிடந்து வந்த ஆட்டம். வியாழக்கிழமையே பெரிய கிளப்பின் மேலாளர் ஞானதிரவியம் தூக்குவாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கேப்டன் இசக்கியம்மாளின் மூச்சு வேண்டுமாம்.

"ஆட்டம் முடியட்டும் அண்ணாச்சி."

"உங்க வேலை ஜெயிக்கிறது இல்லம்மா. எங்களுக்காக உடம்பத் தேத்தி வைக்கிறது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேட்டதும் ஊத்திக் குடுக்க இது என்ன மோரா? செண்பகம் ஒத்தக்கால்ல ஆடுதா. கோமு வாயத் திறக்க மாட்டேங்கா. நான் தரமாட்டேன், போங்க."

ஞானதிரவியம் ஒப்பந்தத்தை விரித்தார். நியாயமான மனுஷன், தனக்கு ஆகாத விதியையும் சத்தமாகவே வாசித்தார். கபடி பாடிக்கொண்டிருப்பவரின் மூச்சை எடுக்கக் கூடாது. தூக்குவாளி காலியாகத் திரும்பினால், அதை அனுப்பிய கிளப் அன்றிலிருந்து சின்ன கிளப்.

இசக்கியம்மாள் நெஞ்சு நிறைய இழுத்து, "கபடி கபடி" என்று ஆரம்பித்தாள்.

நிறுத்தவே இல்லை. பாடிக்கொண்டே சோறு பொங்கினாள். பாடிக்கொண்டே ரேஷன் வரிசையில் நின்றாள். புருஷன் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ஞானதிரவியம் வாளியைத் திறந்து பிடித்தபடி பின்னாலேயே நடந்தார். ஞாயிற்றுக்கிழமை அதே மூச்சில் களத்தில் இறங்கி, எதிரணியின் ஏழு பேரையும் தொட்டு, கோட்டைத் தாண்டி வந்தாள். சனம் விசிலடித்துத் தீர்த்தது. கோப்பையை வாங்கும்போதும் அவள் மூச்சை விடவில்லை. விட்டால்தானே எடுப்பார்!

ஞானதிரவியம் காலி வாளியை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை பெரிய கிளப்பிலிருந்து பணிவாக ஒரு கடிதம் வந்தது. இனி நாங்கள் உங்கள் கிளை, தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இசக்கியம்மாள் பாடிக்கொண்டே பதில் எழுதினாள். செண்பகவல்லியின் முழங்கால். கோமுவின் கோபம். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடல் ஒன்று, எங்கள் ஊரில் இல்லை என்று சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் மூன்றும் வந்து இறங்கின. கோமு தன் கோபத்தை வாங்கிக்கொண்ட கையோடு, கடலுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டரை ஒரு பிடி பிடித்தாள். இசக்கியம்மாள் கரையில் போய் உட்கார்ந்து, மூச்சை விட்டாள்.