சாகிப்பின் சோடாவில் விஷக்காற்று

சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷச் சித்திரையில், ராயபுரத்தில் துறைமுக வாசலுக்கு எதிரே கோலி சோடாக் கடை வைத்திருந்த மதார் சாகிப்புக்குப் போணியே ஆகவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் நாக்கு வறண்டு வந்தார்கள். வந்து, எதிர்த்த மளிகைக் கடைப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனார்கள். இருபது வருஷக் கடையை இழுத்து மூடவேண்டியதுதானா என்று சாகிப் காலிக் கல்லாவைத் திறந்து திறந்து பார்த்தார்.

எல்லாம் அந்த மளிகைக் கடை ராமசுப்பு அண்ணாச்சி பண்ணின வேலை. திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் படித்துவிட்டார். அடுத்த பக்கத்தையும் புரட்டியிருந்தால் வம்பே இல்லை.

“நாம மூச்சுல வெளிய தள்ளுத விஷக்காத்து இருக்குல்லா, கரியமில வாயு? அதத்தான்வே சாயிபு பாட்டில்ல அடைச்சு விக்காரு!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதினார்.

“இன்னா அண்ணாச்சி, என் பொயப்புல மண்ணள்ளிப் போட்றியே!” என்று மதார் சாகிப் போய்க் கேட்டும் பார்த்தார்.

“புஸ்தகத்துல போட்டிருக்குவே. நான் என்ன செய்ய?”

அதோடு விட்டாரா? உடம்பில் தங்கிய விஷத்தையெல்லாம் துரத்திவிடுவதென்று, ஒரு திங்கட்கிழமை காலை கடை வாசலில் நின்று புஸ் புஸ்ஸென்று வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டார். மூட்டைக்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் அண்ணாச்சிக்கு நிறுத்தத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது, தலை சுற்றியது, இரண்டு கை விரல்களும் கூம்பி இழுத்துக்கொண்டன. வெங்காய மூட்டைமேல் சரிந்தார்.

“போச்சு, சோலி முடிஞ்சுது! மூச்சு பத்தலியே!” என்று இன்னும் வேகமாக மூச்சு வாங்கினார்.

முதலில் ஓடியது மதார் சாகிப்தான். கோபமெல்லாம் எங்கே போனதோ, அண்ணாச்சியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் எல்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நாடி பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், நடந்ததைக் கேட்டாள், சிரித்தே விட்டாள்.

“சக்கரை போட்ற காய்தப் பை ஒண்ணு எடுங்க பாய்.”

பையை அண்ணாச்சியின் மூக்கும் வாயும் மூடும்படி பிடித்தாள். “மெதுவா... வுட்ட காத்தயே திருப்பி இழுங்க.”

“அதுல கரியமில வாயுல்லா இருக்கும்!” என்று பைக்குள்ளிருந்து அலறல் வந்தது.

“அது வேணும்னுதான் பையே! ரத்தத்துல அது அளவோட இருந்தாத்தான் மூளைக்கு ரத்தம் ஒயுங்காப் போவும். மூச்சு வுடச் சொல்லி உடம்புக்கு மணி அடிக்கிறதே அதுதான். நீங்க இருந்தத எல்லாம் தொரத்தி வுட்டுட்டீங்க.”

பை உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

“அப்போ என் சோடா குட்ச்சாலும் சரியாப் பூடுமா எல்சிம்மா?” என்று மதார் சாகிப் ஆசையாகக் கேட்டார்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாய். சோடா தாகத்துக்கு. காத்து ஏப்பமா வெளிய வந்துடும். நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல.”

சாகிப்பின் முகம் தொங்கிப்போயிற்று. அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். தன் வேர்வையில் நனைந்திருந்த சாகிப்பின் கைலியைப் பார்த்தார், வெட்கமாக இருந்தது.

“சாயிபு, நான் சொன்னது தப்பு. ஒரு சோடா உடையும்வே. எல்லாரும் பாக்கட்டும்.”

மதார் சாகிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து, கட்டைவிரலால் கோலியை அழுத்தினார். அண்ணாச்சி மடமடவென்று குடித்து முடித்து, துறைமுகத்துக் கப்பல் வரைக்கும் கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார்.

“விஷம் வெளிய பூட்சிடோய்!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து சோடாக் கடைக்கு ஓடினார்கள்.

சாயங்காலத்துக்குள் கோலி அழுத்தி அழுத்தி மதார் சாகிப்பின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அந்த வீங்கின விரலை அவர் ஒரு வாரம் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.