திருவாதிரைக் கூட்டில் செங்காந்தள்

என் ஆத்துக்காரரை மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் பிச்சுமணி சாமி என்பார்கள். மிளகை உள்ளங்கையில் உருட்டியே தரம் சொல்லிவிடுவார். கடைக்கு அனுப்பினால் ஒரு கத்திரிக்காய் வாங்கத் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனிதர், ஆலுவா ஆற்றங்கரை வேலியில் செங்காந்தள் பூத்ததைப் பார்த்ததிலிருந்து பைத்தியமாகிவிட்டார். மேந்தோன்னி என்பார்களே இங்கே, அதுதான்.

வெடித்த காயிலிருந்து சிவப்பு விதைகளை எடுத்து வந்தார். தினம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, உடைந்த பானைகளில் மணல் கலந்து விதைத்தார். முளைக்கவே மாசக்கணக்கு ஆயிற்று. நாலு இலை விட்டது; மழை ஓய்ந்ததும் அதுவும் வாடிவிட்டது.

"செத்தொழிஞ்சது, விடுங்கோன்னா" என்றேன்.

"சாகலைடீ லோகா. அடியில கிழங்கு உறங்கறது" என்று அதட்டினார்.

எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. எரிச்சலாக வந்தது.

அடுத்த மழையில் கொடி ஏறியது, பூக்காமலே காய்ந்தது. வரும் வருஷம் நிச்சயம் பூக்கும் என்றார்.

அந்த மார்கழியில் திருவாதிரைக்குக் களியும் கூட்டும் வைக்கப் போனேன். குழாயடியில் ஒரு முறம் நிறையக் கழுவிய கிழங்கு. அடடா, சிறுகிழங்கு வாங்கி வைத்திருக்கிறாரே என்று உருகிப்போனேன். கோணல்மாணலாக இருந்தது. பாவம், பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். சாக்கில் போட்டுக் கல்லில் தேய்த்துத் தோலெடுத்து, பூசணி, அவரையோடு வேகவைத்தேன்.

கிழங்கை மாற்றி நடப் பெரிய தொட்டி வாங்கப் போயிருந்தவர் திரும்பி வந்தார்.

"முறத்தில வச்ச கிழங்கெங்கே?"

"கூட்டில."

தொட்டி கீழே விழுந்து உடைந்தது. "ஐயோ, மேந்தோன்னிக் கிழங்குடீ அது! விஷமாக்கும்! வாயில வச்சயா? உப்புப் பார்த்தயா? சொல்லு!"

"நைவேத்யத்துக்கு வச்சதை யாராவது ருசி பார்ப்பாளா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் நகம் நகமாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். ரெண்டு வருஷம் பாடுபட்ட கிழங்கு கூட்டில் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டைப் பாத்திரத்தோடு குழிதோண்டிப் புதைத்தார். போன மாசம் அதே ஆற்றங்கரை வேலியில் பறித்துக் காயவைத்திருந்த புது விதைகளையும் அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.

"பூவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ இருந்தாப் போறும்."

வாய் நிறையத் திட்டத்தான் நினைத்தேன். அதற்குள் கை முந்திக்கொண்டது. விதைகளைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எனக்குப் பூ வேணும். தண்ணி எடுங்கோ, ஊறப்போடலாம்."

கிண்ணத்தில் நான் விதையைப் போட, அவர் செம்பைச் சாய்த்தார். கண்ணெல்லாம் என் முகத்திலேயே. பாதித் தண்ணீர் என் புடவையில்.