இரண்டாவது இலை

சங்கிலியர் பேப்பரை நம்புகிற ஆள் இல்லை. மழை வரும் என்று அதில் போட்டால் அன்றைக்குத்தான் நெல்லைக் காயப்போடுவார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைச் சாரத்தில் செருகிக்கொண்டு அடுத்த வளவு வீட்டுக்குப் போனார். அதில் மகள் சுமித்திராவின் பெயர் இருந்தது. பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் பிடித்துவிட்டார். மிச்சமெல்லாம் பொடி எழுத்து.

"வாசி பிள்ளை. என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பாள். ஒண்டும் விடாமல் வாசி."

முன்பள்ளி ரீச்சர் கௌசலா அடுப்படி வாசல் படியில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

சுமித்திரா தான் விரும்பிய தர்ஷனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நெளுக்குளத்துக்குப் போய் ஆறு வருடம். "இனி இந்தப் பக்கம் வராதை" என்று சொன்னவர் சங்கிலியர்தான். இந்தத் தர்மபுரத்திலிருந்து அங்கே போக அரை நாள் கூட வேண்டாம். தகப்பனும் போகவில்லை, மகளும் வரவில்லை.

பேப்பரில் சுமித்திரா எழுதியிருந்தது ஒரு சிறுகதை. கதையைச் சொல்வது ஒரு தகப்பன். 'நான் ஒருவரையும் எதிர்பார்ப்பவன் அல்ல. பின்னேர பஸ் வரும்போது நான் றோட்டுக்கு வருவது மாட்டைத் தேடித்தான்...'

"நிப்பாட்டு. ஆர் இந்த நான்?"

"கதையில வாற தகப்பன், பெரியப்பா."

"எழுதினது அவள். பிறகென்னெண்டு நான் எண்டு போடுவாள்? கள்ளக் கையெழுத்து வைச்ச மாதிரியல்லோ கிடக்கு."

"பிழை பிடிக்கத்தானே வந்தனீங்கள். கேட்டுப்போட்டுப் பிடியுங்கோ."

கேட்டார். கதையில் புதிர் நாள் வந்தது. முதல் கதிரை அறுத்து வந்து, புது நெல் குத்திச் சமைத்து, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற நாள். அந்தத் தகப்பன் வாய்க்கால் கரையில் கதிர் அறுத்தான், தனியாகச் சமைத்தான், இரண்டு இலை போட்டான். 'இரண்டாவது இலை காகத்துக்கு. ஆனால் காகம் வந்தபோது துரத்திவிட்டேன்.'

சங்கிலியரின் வாயில் வெற்றிலை அசையாமல் நின்றது. மனைவி முன்னமே செத்துவிட்டாள்; சுமித்திரா போன பிறகு வந்த ஒவ்வொரு புதிருக்கும் அவர் செய்தது அதுதான்.

"நீ சொன்னனியோ அவளுக்கு?"

"நான் கண்டனானே, சொல்லுறதுக்கு? அக்காவுக்கு உங்களைத் தெரியும். கதையில அந்தாள் தேடேல்லை, தேடேல்லை எண்டு சொல்லச் சொல்லத்தான் தேடுறார் எண்டு வாசிக்கிறவைக்கு விளங்குது."

"அப்ப ஊருக்கே விளங்கியிருக்கும்."

"ஓம்."

அவர் வெற்றிலையைத் துப்பினார். வளவு வேலியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"போனை எடுத்துத் தா. ஒரு பிழை கிடக்கு. சொல்லவேணும்."

கௌசலா சுமித்திராவின் எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

"நான்தான்" என்றார் சங்கிலியர். "கதிர் அறுக்கிறது ஈசான மூலையில. நீ வாய்க்கால் கரை எண்டு போட்டிருக்கிறாய். வயலைக் காணாத ஆள் மாதிரி."



"ஆறு வருசம் அப்பா. மறந்துபோச்சு."

 சங்கிலியர் கத்தினார்.

"நான் உன்னை வரச்சொல்லி எடுக்கேல்லை. வியாழக்கிழமை புதிர். சோறு கூடிப்போனால் வீண். நீயும் அவனும் எண்டால் சரியாயிருக்கும். அவ்வளவுதான்."

"மூண்டு பேர் அப்பா. சின்னவளும் இப்ப சோறு தின்னுறாள்."

சின்னவள். அப்படி ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"அப்ப ஒரு கறி உறைப்பில்லாமல் வைக்கவேணும்" என்றார், ஆரோடோ சண்டை பிடிக்கிறவர் போல.